அட்மிஷன் நம்பர் ஞாபகம் இருக்கிறதா?

தமிழ்நாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் தயங்காமல் சொல்வோம், ஆரம்பாக்கத்தில் என்று. பெயரிலேயே இருக்கிறதே! விஜயவாடா பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றி வருகிற லாரிக்காரருக்கு இது சரிதான். சென்னையிலிருந்து போகிற உங்களுக்கு மட்டும் தமிழ்நாடு அங்கே முடிந்துவிடும்.

சென்ட்ரலை ஒட்டின மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் சூலூர்பேட்டை லோக்கலைப் பிடியுங்கள். அவசரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிவிடாதீர்கள். அது கும்மிடிப்பூண்டியோடு 'எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று திரும்பிவிடும். அதைத் தாண்டினால் எளாவூர், அடுத்தது ஆரம்பாக்கம். அதற்கும் அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் 'தடாவுக்குப் போகணும் ஸார், ரெண்டு நாள் லீவு' என்று ஆபீஸில் கேட்டால் மானேஜர் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளி உட்காருவார். அந்தச் சட்டம் 1995-ல் காலாவதியாகிவிட்டது. ஊர் இருக்கிறது. இப்போது சனி, ஞாயிறுகளில் அருவியில் குளிக்கப் போகிற பைக் கோஷ்டியால் ரொம்ப நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் தடாவுக்குப் போகாமல் ஆரம்பாக்கத்திலேயே இறங்கிக் கிழக்கே போங்கள். கொஞ்ச நேரத்தில் காற்றில் கருவாடு வரும். அப்புறம் ஏரி வரும்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, பழவேற்காடு ஏரி குடிக்கிற ஏரி இல்லை. உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. ஆரணியாறும் காளாங்கியும் ஒரு பக்கம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட, கடல் தன் பங்குக்கு முகத்துவாரம் வழியாக உப்பைக் கலக்கும். பெரும்பகுதி ஆந்திராவுக்குச் சொந்தம். தெற்குத் துண்டு நமக்கு. இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் இந்த எல்லைத் தகராறு தெரியாது. யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடுவது என்பதைத் தெற்குப் பக்கத்துக் குப்பங்களில் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். (படுகிற பாடுதான் என்று ஒரு தாத்தா எனக்கு அர்த்தம் சொன்னார். அகராதிக்காரர்கள் மன்னிக்கவும்.)

பூநாரைகளைப் பற்றியும், டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கட்டின கெல்டிரியா கோட்டையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். படம் எடுத்துக் காலண்டரே போட்டுவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது பள்ளிக்கூடம் பற்றி. ஏரிக்கு இந்தாண்டை, அந்தாண்டை, அப்புறம் கடலுக்கும் அந்தாண்டை இருந்த பள்ளிக்கூடங்கள் பற்றி.

முதலில் அந்தாண்டை. ஏரிக்குக் கிழக்கே நீளமாகக் கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. இங்கே ஏரி, நடுவில் தீவு, அதற்கப்புறம் வங்காள விரிகுடா. ராக்கெட் விடுவதற்குக் கிழக்கே வெறும் கடலாக இருக்க வேண்டும், விழுந்தால் யார் தலையிலும் விழக்கூடாது என்று தேடி, 1969-ல் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ல் ரோகிணி என்கிற சின்ன ராக்கெட் முதலில் கிளம்பியது. 2002-லிருந்து அதற்கு சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர். இதெல்லாம் ஜெனரல் நாலெட்ஜ் புத்தகத்தில் இருக்கும்.

புத்தகத்தில் இல்லாதது, ராக்கெட் வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் ஊர்கள் இருந்தன என்பது. ஏனாதிகள் இருந்தார்கள், மீனவர்கள் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து வர வேண்டியதாயிற்று. அப்படி எழுந்து வந்த குப்பங்களில் சில ஏரியின் தென்பக்கத்தில், நம் மாநிலத்தில் குடியேறின.

அப்படி ஒரு குப்பத்துப் பெரியவரை எனக்குத் தெரியும். இறால் வாங்கப் போய் ஏற்பட்ட பழக்கம். எடை போடுகிறபோது தமிழ், விலை சொல்கிறபோது தெலுங்கு. பேரம் பேச முடியாது. அவரிடம் ஒருநாள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாலரை" என்றார்.

"அதென்ன அரை?"

"அஞ்சாங்கிளாஸ் பாதில ஊரே எந்திரிச்சிடிச்சே தம்பி. வாத்தியாரு ஒருத்தரு. ஓலைக் கொட்டாய். மழ வந்தா லீவு, நெறைய மீனு பட்டாலும் லீவு. இக்கட வந்தப்புறம் எங்கப்பன் வலைக்கு இட்டுகினு பூட்டாரு. அந்த அரையை எங்க போயி முடிக்கச் சொல்றே? உள்ள போவணும்னா பாஸ் கேக்கறான்."

தப்பாக நினைக்க வேண்டாம், அவருக்கு ராக்கெட் மேல் கோபம் இல்லை. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வேலையில்லாத பெருமிதத்துடன் கரையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளுக்கு எது பி.எஸ்.எல்.வி., எது ஜி.எஸ்.எல்.வி. என்று சத்தத்தை வைத்தே சொல்வார். எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு எல்லாம் புகை.

இனி கடலுக்கு அந்தாண்டை. அதற்கு நான் 1990-க்குப் போக வேண்டும்.

என் அப்பாவுக்கு ரயில்வே சீசன் டிக்கெட் மேல் அபார நம்பிக்கை. பையன் தினம் ரயிலில் போய்ப் படித்தால் உலகம் தெரிந்துகொள்வான் என்று கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார். உலகம் தெரிந்ததோ இல்லையோ, ஓடுகிற வண்டியில் ஏறத் தெரிந்துகொண்டேன். பத்தாம் வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து, வகுப்பில் புதுப் பையன் ஒருவன். மாநிறம், எண்ணெய் வைத்து வாரின தலை, யாரோ கொடுத்த சட்டை. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இன்னொரு கழுத்து நுழையலாம். அந்த வருஷம்தான் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம் தொடங்கியிருந்தது.

ஸார் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எங்கேப்பா படிச்சே?"

அவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமாகச் சொன்னான்: "காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியில சேர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. 'காலேஜ் முடிச்சிட்டு டென்த் படிக்க வந்திருக்கான்டா!' என்று கடைசி பெஞ்ச் கத்தியது. ஸாரும் பாவம், கொஞ்சம் குழம்பித்தான் போனார். அப்புறம்தான் தெரிந்தது, யாழ்ப்பாணத்தில் நம்ம ஹைஸ்கூலுக்கே கல்லூரி என்று பெயர். தெல்லிப்பழையில் மட்டும் இரண்டு உண்டு. 1816-ல் அங்கே வந்து இறங்கின அமெரிக்க மிஷன்காரர்கள் போட்ட விதை யூனியன் கல்லூரி. அதற்குப் பதில் சொல்வது போல 1910-ல் பாவலர் துரையப்பாபிள்ளை ஆரம்பித்தது மகாஜனக் கல்லூரி. பக்கத்தில் வசாவிளானில் ஒரு மத்திய கல்லூரி. ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், சாப்பாட்டு நேரத்துக்குள் இத்தனை 'கல்லூரி'களையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பான் அவன். நம் பக்கம் ஊருக்கு ஒரு டீக்கடை என்றால் அந்தப் பக்கம் ஊருக்கு ஒரு கல்லூரி.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று போகப் போகப் புரியும். கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அதுதான் அவனுக்குப் பட்டப்பெயர். ஒரே பெஞ்ச். என் இங்கிலீஷ் நோட்டு அவனுக்கு, அவனுடைய கணக்கு நோட்டு எனக்கு. யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

காங்கேசன்துறையில் அப்போது சிமென்ட் ஃபாக்டரி இருந்தது, துறைமுகம் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு. கொழும்பிலிருந்து வருகிற ரயில் அங்கேதான் வந்து 'இனிமேல் கடல்' என்று நிற்கும். பக்கத்தில் பலாலியில் விமானதளம். 1990 ஜூன் இரண்டாவது வாரம் மறுபடி சண்டை ஆரம்பித்தபோது அந்த விமானதளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிறகு அந்த இடமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. கம்பி வேலி, உள்ளே ராணுவம். ஊர்க்காரர்கள் வெளியே. வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டவற்றில் நடேஸ்வராக் கல்லூரியும் ஒன்று.

"ரெண்டு கிழமையில திரும்பி வந்திடலாம் எண்டுதான் அம்மா சொன்னவ. அதால புத்தகப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தனான்" என்பான். மன்னார், படகு, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கும்மிடிப்பூண்டி. அந்தப் பை கூடவே வந்தது. பையில் ஒரு காம்பஸ் பெட்டி, பாதி எழுதின விஞ்ஞானக் கொப்பி (கொப்பி என்றால் நோட்டு), ஒரு தேர்ச்சி அறிக்கை. பிராக்ரஸ் ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு நல்ல தமிழ் பாருங்கள். அதில் கணக்கு 91 என்று இருக்கும். சித்திரம் 38. வகுப்பாசிரியர் 'சித்திரத்தில் கவனம் செலுத்தவும்' என்று எழுதியிருப்பார். அதற்கப்புறம் அவன் கவனம் செலுத்த அந்த வகுப்பு இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. நான் நினைத்தேன், ஊர் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று, மூடிவிட்டார்கள் என்று. அப்படி இல்லையாம். பள்ளிக்கூடமும் சேர்ந்து இடம்பெயர்ந்துவிட்டது! வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பின பள்ளிக்கூடங்கள் தங்கள் பெயரையும், வாத்தியார்களையும், கைக்குக் கிடைத்த ரிஜிஸ்டர்களையும் எடுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் கொட்டகை போட்டோ, இன்னொரு பள்ளிக்கூடத்தில் பிற்பகல் ஷிஃப்ட் கேட்டோ நடந்துகொண்டே இருந்தன. காலையில் அந்தப் பள்ளி மணி அடிக்கும், மத்தியானம் இந்தப் பள்ளி மணி அடிக்கும். மணி ஒன்றுதான். தொண்ணூறுகளில் எப்போதாவது வருகிற கடிதத்தில் 'உன்ர பள்ளிக்கூடம் நடக்குது' என்று ஒரு வரி இருந்தால் கல்லூரி எனக்கு டீ வாங்கிக் கொடுப்பான்.

எங்கே நடக்கிறது என்று கேட்டால் வேறு ஊர்ப் பெயர் சொல்வான். "அப்ப அது எப்படிடா உன் பள்ளிக்கூடம்?" என்பேன்.

"நான் கும்மிடிப்பூண்டியில இருக்கிறன். அதுக்காக நான் வேற ஆளா?" என்பான். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் இன்னொரு டீ சொன்னேன்.

நம் பக்கம் விஷயமே வேறு. ஹைஸ்கூல்கள் பிரமோஷன் வாங்கிக்கொண்டு காணாமல் போகும். அப்பா காலத்தில் பதினொன்று முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் பி.யூ.சி. 1978-ல் பிளஸ் டூ வந்தது; பல ஹைஸ்கூல்களின் போர்டில் 'உயர்நிலை'யை அழித்து 'மேல்நிலை' என்று எழுதினார்கள். சில இடங்களில் பழைய எழுத்து சுண்ணாம்புக்குக் கீழே இன்னும் தெரியும். அதற்குப் பெயர் மூடுவது இல்லை, வளர்ச்சி.

நிஜமாக மூடுவது இப்போதுதான். யாரும் துரத்தாமல், சண்டை இல்லாமல், சத்தமில்லாமல். 2019-ல் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. நான் அதை ஆபீஸ் கேன்டீனில் பேப்பரில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன் செய்தேன். அவனுக்கு முதலில் நான் சொன்னது பிடிபடவில்லை.

"கட்டடம் இருக்குதா?"

"இருக்கு."

"கூரை?"

"இருக்கு."

"கொஞ்சம் பொறு. வாத்திமார்?"

"பிள்ளைங்க இருந்த வரைக்கும் அவங்களும் இருந்தாங்க."

"பேந்தென்ன விசர் கதை கதைக்கிறாய்? சனமும் அங்கதான இருக்குது?"

சனம் அங்கேதான் இருக்கிறது. காலை ஏழே காலுக்கு மஞ்சள் வேன் வருகிறது, ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. இங்கே கட்டடம் இருந்து பிள்ளைகள் இல்லை. அங்கே பிள்ளைகள் இருந்து கட்டடம் இல்லை. இரண்டையும் ஒரே வார்த்தையால் 'மூடிய பள்ளி' என்று எழுதுவது தமிழுக்கே அடுக்காது.

ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள் அல்லவா? 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. பிறகு அரசாங்கம் அந்த ஊரை வசிக்க லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டது. தபாலாபீஸ், சர்ச், பள்ளிக்கூடம் என்று கைடுகள் சுவரைக் காட்டுவார்கள். கல்லூரி 1990-ல் கடல் தாண்டி வந்து சில நாள் கழித்து அந்தச் சுவர்களைப் பார்த்தானாம். 'இந்த நாட்டிலயும் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு ஓடியிருக்குதுகள்' என்று நினைத்துக்கொண்டானாம். பதினைந்து வயசுப் பையனுக்கு அது ஒரு ஆறுதல்!

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. சந்திரயான்-3. பிற்பகல் 2:35. நான் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன். (காரணம்: 'நிலவு'. நம்பவில்லை. 'வயிற்று வலி' என்று மாற்றி எழுதினேன். கையெழுத்துப் போட்டார்கள்.) கல்லூரியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நாலரை வகுப்புப் பெரியவர் பேரன் பேத்தி சகிதம் ஏற்கெனவே ஆஜர். ஊர்ப்பட்ட பைக்குகள். சுண்டல், ஐஸ், தண்ணீர் பாட்டில். திருவிழாதான்.

தண்ணீருக்கு அப்பால் தீப்பிடித்த மாதிரி வெளிச்சம், அப்புறம் வெள்ளைத் தூண் ஒன்று எழும்பி மேகத்துக்குள் போயிற்று. சத்தம் மெதுவாக, நிதானமாக, பெண் வீட்டார் வருவதுபோல் கடைசியில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவரும் தட்டினார். தட்டிவிட்டு, புகை கிளம்பின இடத்தைக் கையால் காட்டி, பேத்தியிடம் சொன்னார்: "அதுக்கு இந்தாண்டதான் தாத்தா இஸ்கோலு."

கல்லூரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "ஐயா, எங்கட பள்ளிக்கூடத்துப் பக்கம் பிளேன் இறங்கும். உங்கட பள்ளிக்கூடத்துப் பக்கம் ராக்கெட் ஏறுது. உங்களுடையதுதான் மேல."

பெரியவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதிக்கே ஒரு கிலோ இறாலுக்குக் காசு வாங்கவில்லை. எனக்கு வாங்கினார்.

நடேஸ்வராக் கல்லூரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. 2016-ல் பள்ளிக்கூடத்தின் இடத்தை ராணுவம் விட்டுக்கொடுத்தது. இருபத்தாறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் தன் சொந்த இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. ஒரு பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, முடித்து, கல்யாணம் செய்துகொண்டு, தன் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற காலம் அது. செய்தியை என்னிடம் சொல்ல ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தான் கல்லூரி. 'வீட்டுக்குப் போயிட்டுது மச்சான்' என்றான். யாருக்கோ உடம்பு சரியாகி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம், கஞ்சி மட்டும் கொடு" என்றேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாணவன்தான் பாக்கி.

இதில் வேடிக்கை போதும். கல்லூரிக்கு ஒரு மகள். கும்மிடிப்பூண்டியில் பிறந்து, நம் பள்ளிக்கூடத்தில் படித்து, டிகிரி முடித்துவிட்டாள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் இந்தியர் ஆகிவிட முடியாது. பெற்றவர்கள் யார் என்பதையும் சட்டம் பார்க்கும். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் பெயர் இருக்கிறது, இலங்கை பெயர் இல்லை. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல பெயர்தான். ஆனால் பாஸ்போர்ட் ஆபீஸில் முகாம் பெயரைக் கேட்பதில்லை, நாட்டின் பெயரைக் கேட்கிறார்கள். முகாமில் அவ்வப்போது தலை எண்ணுவார்கள். ஆள் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அட்டென்டன்ஸ் மட்டும் தன்னை விடவில்லை என்பான் கல்லூரி.

மகளை இலங்கைப் பிரஜையாகவாவது பதிவு செய்துகொள்ளலாம் என்றால் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது 1990-ல் வீட்டு அலமாரியில் இருந்தது. வீடு இப்போது இல்லை. மறுபடி தேடி எடுக்கப் பதிவு விவரம் வேண்டும். அம்மாவுக்கு மகன் பிறந்தது எந்தக் கோயில் திருவிழாவுக்கு மறுநாள் என்பது தெரியும், நட்சத்திரம் தெரியும், அன்றைக்கு என்ன சமையல் என்பதுகூடத் தெரியும். பத்திர நம்பர் மட்டும் தெரியாது. அதை எழுதி வைத்திருக்கக் கூடிய இடம் ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடத்துச் சேர்வுப் பதிவேடு. நம்ம அட்மிஷன் ரிஜிஸ்டர். பள்ளிக்கூடம் ஊர் ஊராக அலைந்தபோது அந்தப் பழைய பதிவேடும் கூட அலைந்து தப்பித்ததா, இல்லை வேலிக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டு மக்கிப் போயிற்றா?

நேரில் போய்த்தான் பார்க்கணும். அதற்குக் கப்பலே இருக்கிறது! 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கே கப்பல் விட்டார்கள். சில நாள் ஓடி நின்றது. 2024 ஆகஸ்ட் 16-லிருந்து 'சிவகங்கை' என்று இன்னொரு கப்பல் ஓட ஆரம்பித்தது. பருவமழையில் கடல் கொந்தளித்தால் ஓய்வெடுத்துக்கொள்ளும். சுமார் நாலு மணி நேரப் பயணம். மூர் மார்க்கெட்டிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு, சிக்னல் படுத்தினால், எனக்கு அதில் பாதி நேரம் ஆகியிருக்கிறது. அவன் ஊர்த் துறைமுகத்திலேயே, அவன் பள்ளிக்கூட ஊரிலேயே இறக்கிவிடுகிறார்கள். ஏறுவதற்கு வேண்டியது ஒரு பாஸ்போர்ட்.

என்னிடம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆபீஸில் சிங்கப்பூர் அனுப்புவதாகச் சொன்னபோது எடுத்தது. (சிங்கப்பூருக்கு மானேஜர் போனார்.) புதுப்பித்தாயிற்று. இந்த முறை லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்றுதான் யோசனை. 'ஒரு நம்பர் பார்க்க வேண்டியிருக்கிறது' என்று எழுதினால் லாட்டரி என்று நினைப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போயிருந்தேன். கல்லூரி வீட்டில் கிளாஸ் எடுத்தான். ஒரு தாளில் பிளான் போட்டுக் கொடுத்தான். ஸ்டேஷன், கடல், ரோடு, பள்ளிக்கூட வாசல். சித்திரத்தில் ஏன் 38 என்று அப்போது விளங்கியது. பள்ளிக்கூடம் கடலுக்குள் இருந்தது.

மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் போனில் மேப்பைத் திறந்து புள்ளி வைத்துக் கொடுத்தாள். "அங்கிள், கிடைக்கலைன்னா பரவாயில்லை. ஆனா இல்லைன்னு அவங்க சொன்னா, எழுதித் தரச் சொல்லுங்க. 'இல்லை'ங்கறதுக்கும் ஒரு பேப்பர் வேணும்" என்றாள். எந்த ஆபீஸில் வேலை கொடுத்தாலும் ஒரே மாதத்தில் சூப்பரின்டெண்டென்ட் ஆகிவிடுவாள். கொடுக்கத்தான் ஆளில்லை.

"சேர்விலக்கத்தை எழுதிக் கொடுடா" என்று நான் பேனாவை நீட்டினேன்.

"வேண்டாம். தாள் நனைஞ்சு போகும். பாடமாக்கு" என்றான்.

நாலு இலக்கம். ஆறாம் ஆண்டில் சேர்ந்த அன்றைக்குக் கொடுத்தது. அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். எனக்கு என் சொந்த அட்மிஷன் நம்பர் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது, தேவைப்பட்டால் போய்க் கேட்டுக்கொள்ளலாம், பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கிறது. இவனுக்கு மட்டும் முப்பத்தைந்து வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அந்த நம்பரை இங்கே எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று கல்லூரி கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய ஏ.டி.எம். கார்டுக்கும் அதுதான் பின் நம்பராம்.